கூட்டம் தாங்காத இயற்கை இடங்களுக்கு முதன்முறை போகிறீர்களா? பெர்மிட் முதல் கழிவுப் பை வரை

எட்டாத மலை, ஆளில்லாத தீவு என்று நம்பிக் கிளம்பிப் போய், வாசலிலேயே ‘இன்றைக்கு அனுமதி முடிந்தது’ என்ற பதிலைக் கேட்டுத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். உள்ளே போய்விட்டவர்களோ எதைக் கெடுத்தோம் என்று தெரியாமலே கெடுத்துவிட்டு வருகிறார்கள். புறப்படும் முன்பே முடிக்க வேண்டிய வேலையை ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுவதால்தான் இரண்டும் நடக்கிறது. அந்த வேலைகளைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே கொடுத்திருக்கிறோம். கட்டணமும் விதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. எண்களை ஒரு அளவுக்காக வைத்துக்கொண்டு, பணம் கட்டும் முன் அந்தந்தப் பூங்காவின் அதிகாரப்பூர்வத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. ‘யாருக்கும் தெரியாத இடம்’ தேடாதீர்கள்

பேர்பெற்ற இடத்தில் கூட்டம், அதனால் பக்கத்திலேயே யாரும் போகாத இன்னொரு பள்ளத்தாக்குக்குப் போவோம் என்பது நல்ல யோசனைபோலத் தெரியும். மண்ணுக்கும் செடிக்கும் அதுதான் பெரும்பாலும் பெரிய அடி. மிதிபடாத புல்வெளியில் முதலில் நடக்கும் சிலபேரே சேதத்தின் பெரும்பகுதியைச் செய்து முடித்துவிடுகிறார்கள். தண்டு முறிகிறது, மண் இறுகுகிறது, மழைநீர் உள்ளே இறங்காமல் மேலோடி மண்ணை அரிக்கிறது. அதற்குப் பிறகு அதே தடத்தில் எத்தனை பேர் நடந்தாலும் சேதம் அந்த வேகத்தில் ஏறுவதில்லை. கல் பாவிய, பலகை போட்ட, நன்றாக மிதிபட்ட பாதை ஆயிரம் பேரைத் தாங்கும். பாசி படர்ந்த சரிவு பத்துப் பேரைக்கூடத் தாங்காது.

ஐஸ்லாந்தின் ஃபியாத்ரார்கில்யூஃபர் பள்ளத்தாக்கு ஒரு பாப் பாடலின் வீடியோவில் வந்தபின் கூட்டம் குவிந்து, பாதை ஓரத்துப் பாசி சேறாகி, 2019இல் மாதக்கணக்கில் மூடிவைக்க வேண்டியதாயிற்று. அங்கே அவ்வளவு பேருக்கு ஏற்ற பாதை இல்லாததுதான் விஷயம்.

இடத்தை முடிவு செய்யும் முன் நான்கைக் கேளுங்கள்: நாளுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு உண்டா, கழிப்பறை உண்டா, குறியிட்ட பாதை உண்டா, அதைப் பராமரிக்க ஆள் உண்டா? நான்குக்கும் ‘இல்லை’, ஆனால் கைபேசியில் மட்டும் தினம் புதுப்புதுப் படங்கள் என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கெடுபிடி அதிகமான இடத்துக்குப் போவதே மேல்.

2. பெர்மிட்: எந்த முறை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா இடத்திலும் ஒரே நடைமுறை இல்லை. ஒன்றின் பழக்கத்தில் இன்னொன்றுக்குக் காத்திருந்தால் ஒரு வருடம் போய்விடும்.

முந்துகிறவருக்கு முதலிடம். பெருவின் இன்கா பாதையில் நாளுக்கு 500 பேர். இந்தக் கணக்கில் வழிகாட்டிகளும் சுமைதூக்குவோரும் அடக்கம் என்பதால் பயணிகளுக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 200 இடம்தான். உரிமம் பெற்ற நிறுவனம் மூலமாகத்தான் போக முடியும், தனியாகப் பெர்மிட் வாங்க முடியாது. மே முதல் ஆகஸ்ட் வரையிலான நாட்களுக்கு ஆறேழு மாதம் முன்பே பதிந்துவிட வேண்டும்.

குலுக்கல். அமெரிக்காவின் யோசெமிட்டி பூங்காவில் ஹாஃப் டோம் பாறையின் கம்பிவடப் பாதைக்கு நாளுக்குச் சுமார் 300 பேர். முக்கியக் குலுக்கலுக்கு மார்ச் மாதம் முழுவதும் விண்ணப்பிக்கலாம், முடிவு ஏப்ரலில் வரும். அதில் கிடைக்காதவர்களுக்கு இரண்டு நாள் முன்பு நடக்கும் தினக் குலுக்கல் இருக்கிறது. அதே நாட்டின் அரிசோனா மாநிலத்தில் ‘தி வேவ்’ என்ற அலைப்பாறைக்கு நாளுக்கு 64 பேர் மட்டும். இணையக் குலுக்கலுக்கு நான்கு மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அங்கேயும் தினக் குலுக்கல் உண்டு என்றாலும், அந்தப் பகுதியைச் சுற்றிக் குறித்த எல்லைக்குள் இருக்கும் கைபேசியிலிருந்துதான் விண்ணப்பம் ஏறும். வீட்டிலிருந்து எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை.

நேர ஸ்லாட். மச்சு பிச்சுவில் டிக்கெட்டில் மணியும் சுற்றுப்பாதையும் அச்சாகியிருக்கும். இரண்டில் எது தவறினாலும் சிக்கல். புகழ்பெற்ற அந்தப் படம் எடுக்கும் மேடை எல்லாச் சுற்றிலும் வராது என்பதைப் பணம் கட்டும் முன்பே பாருங்கள்.

வழிகாட்டி இல்லாமல் அனுமதி இல்லை. கலாபகோஸ் தீவுகளின் பூங்காப் பகுதிகளில் பெரும்பாலானவை இப்படித்தான்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்:

பெயரும் எண்ணும். விண்ணப்பத்தில் இருப்பது பாஸ்போர்ட்டில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். நம் பெயர்களில்தான் இது அதிகம் இடிக்கும். இனிஷியல் ஒரு இடத்தில், அப்பா பெயர் விரித்து இன்னொரு இடத்தில் என்றால் சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள். பெர்மிட் வாங்கியபின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் பழையதையும் சேர்த்து எடுத்துப் போங்கள், நிறுவனத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குழுத் தலைவர். குலுக்கலில் தலைவர், மாற்றுத் தலைவர் என்று இரண்டு பெயர் கேட்பார்கள். இருவரில் ஒருவராவது அடையாள அட்டையோடு நேரில் வந்தால்தான் மற்றவர்களுக்கும் வழி. மாற்றுத் தலைவர் பெட்டியைக் காலியாக விட்டு, தலைவருக்குக் காய்ச்சல் வந்தால் ஆறு பேரின் பயணமும் போச்சு. ஹாஃப் டோமுக்கு ஒரே ஆள் இரண்டு விண்ணப்பத்தில் தலைவராக வந்தால் இரண்டுமே ரத்தாகும்.

மறுவிற்பனை. ‘என்னிடம் ஒரு பெர்மிட் இருக்கிறது’ என்று சமூக ஊடகத்தில் வருகிறவரிடம் வாங்காதீர்கள். பெரும்பாலான பெர்மிட்டுகள் பெயர் மாற்ற முடியாதவை.

3. செலவு: நுழைவுக் கட்டணம் பாதிக் கணக்குதான்

குலுக்கலில் விண்ணப்பக் கட்டணம் தனி, கிடைத்தபின் தலைக்குக் கட்டணம் தனி. அமெரிக்காவின் ஸயன் பூங்காவில் ஏஞ்சல்ஸ் லாண்டிங் பாதைக்கு 2022 ஏப்ரல் முதல் பெர்மிட் கட்டாயம்: விண்ணப்பத்துக்கு 6 டாலர், கிடைத்தால் தலைக்கு 3 டாலர். அந்த 6 டாலர் தோற்றாலும் திரும்பாது. இதற்கு மேல் பூங்கா நுழைவுக் கட்டணம் வேறு.

கலாபகோஸ் நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்ட் முதல் பெரும்பாலான வெளிநாட்டினருக்கு 200 டாலர், முன்பு 100. இதைத் தவிர, தீவுக்குக் கிளம்பும் விமான நிலையத்திலேயே 20 டாலருக்குப் பயணக் கட்டுப்பாட்டு அட்டை வாங்க வேண்டும். அதற்குப் போகவர டிக்கெட்டும் தங்குமிடப் பதிவும் கேட்பார்கள். பணத்தை ரொக்கமாகக் கையில் வைத்திருங்கள். பூட்டானில் நாளொன்றுக்கு 100 டாலர் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் (2023 செப்டம்பரில் 200இலிருந்து குறைத்தார்கள்). தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் இது ஏறும் என்பதால் ‘இன்னும் ஒருநாள் இருந்துவிட்டு வருவோம்’ என்ற முடிவை அங்கே போய் எடுக்காதீர்கள். இந்தியர்களுக்கு அங்கே விகிதம் வேறு, தனியாகப் பாருங்கள்.

எங்கே போனாலும் ஒரு மாற்று நாளுக்கான தங்குமிடச் செலவை ஒதுக்கி வையுங்கள். மழை, மண்சரிவு, காட்டுத்தீ எச்சரிக்கை என்று பாதையை மூடினால், மாற்று நாள் இல்லாதவர்தான் கயிற்றைத் தாண்டி உள்ளே போகிறார்.

4. நாளும் நேரமும்

மூடும் மாதத்தை முதலில் பாருங்கள். இன்கா பாதை ஒவ்வொரு பிப்ரவரியும் மூடியிருக்கும். தாய்லாந்தின் மாயா பே 2018 ஜூனில் மூடி 2022 ஜனவரியில் திறந்தது. மூடும் முன் சில நாட்களில் ஐயாயிரம் பேர்வரை வந்துபோன கரை அது. இப்போதும் ஆகஸ்ட், செப்டம்பரில் விடுமுறை விடுகிறார்கள். திறந்திருக்கும் மாதங்களிலும் படகு கரைக்குள் நேராக வர முடியாது, தீவின் பின்பக்கம் இறங்கி நடக்க வேண்டும். நீந்தவும் தடை. படகில் இடம் பதியும்போதே ‘உள்ளே இறக்குவீர்களா, வெளியிலிருந்து காட்டிவிட்டுத் திரும்புவீர்களா’ என்று கேளுங்கள்.

அடுத்தது வாசல் நேரம். ஜப்பானின் ஃபூஜி மலையில் 2025 பருவத்தில் நான்கு பாதைகளுக்கும் 4,000 யென் கட்டணம், யோஷிதா பாதையில் நாளுக்கு 4,000 பேர் என்ற வரம்பும் உண்டு. பிற்பகல் 2 மணிக்கு வாயில் மூடினால் அதிகாலை 3 மணிக்குத்தான் திறக்கும், மலைக்குடிலில் படுக்கை பதிந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. இரவெல்லாம் தூங்காமல் ஏறி விடியலைப் பார்த்து உடனே இறங்குகிற பழக்கத்தைத் தடுக்கத்தான் இது. உச்சியில் சூரிய உதயம் வேண்டுமென்றால் முதலில் குடில், பிறகு விமான டிக்கெட்.

பனி உருகும் வாரங்களையும் பெருமழை முடிந்த முதல் நாட்களையும் தவிருங்கள். அப்போது பாதை சேறு, மண் நனைந்து இளகியிருக்கும், ஒவ்வொரு காலடியும் ஆழமாகப் பதியும். அதே நூறு பேர் காய்ந்த மண்ணில் நடந்தால் ஆகும் கெடுதல் இதில் சிறுபங்குதான். வார நாள், விடுமுறை முடிந்த மறுவாரம் என்று தேர்ந்தெடுப்பது உங்களுக்கும் சௌகரியம்.

காரில் போகிறவர்களுக்கு: நிறுத்துமிடம் நிறைந்துவிட்டால் சாலையோரப் புல்லில் ஏற்றி நிறுத்தாதீர்கள். அங்கேதான் மழைநீர் வடிகால் இருக்கும். ஷட்டில் பஸ் இருந்தால் அதில் போங்கள். ஸயன் பள்ளத்தாக்கில் ஷட்டில் ஓடும் பருவத்தில் சொந்த வண்டிக்கு அனுமதியே இல்லை.

5. கிளம்பும் முன்: பூட்ஸ், சன்ஸ்கிரீன், பொட்டலம்

பூட்ஸின் அடிப்பள்ளங்களில் ஒட்டியிருக்கும் மண்ணில் விதையும் பூஞ்சையும் பயணம் செய்யும். நியூசிலாந்தில் கௌரி மரங்களைக் கொல்லும் நோய் மண் வழியாகத்தான் பரவுகிறது. அங்குள்ள பாதை வாசல்களில் பூட்ஸ் கழுவும் நிலையங்கள் இருப்பது அதனால்தான். விமான நிலையத்திலேயே பயன்படுத்திய மலையேற்றக் காலணிகளை அறிவிக்க வேண்டும், மறைத்தால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். பழைய பல்துலக்கியால் பள்ளங்களைச் சுரண்டி, சோப்பு நீரில் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். ஈரமாகப் பையில் போட்டால் கழுவியதில் பாதிப் பயன் போய்விடும். கூடாரக் கம்பி முனைகள், ஊன்றுகோல் நுனி, சாக்ஸ், வெல்க்ரோ பட்டை ஆகியவற்றில் ஒட்டிய விதைகளையும் பாருங்கள்.

கடலில் இறங்குவதென்றால் சன்ஸ்கிரீன் குப்பியின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் இரண்டில் ஒன்று இருந்தாலும் பசிபிக் தீவு நாடான பலாவுக்குள் கொண்டுபோக முடியாது (2020 ஜனவரி முதல்), ஹவாயில் விற்க முடியாது (2021 ஜனவரி முதல்), தாய்லாந்தின் கடல் பூங்காக்களில் பயன்படுத்த முடியாது. ‘ரீஃப் சேஃப்’ என்று முன்பக்கம் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், பொருள் பட்டியல்தான் கணக்கு. அதைவிட, நீண்ட கைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினால் பூசவேண்டிய பரப்பே பாதியாகும்.

சாப்பாட்டுப் பொருளின் வெளி அட்டை, உள் உறை எல்லாவற்றையும் வீட்டிலேயே பிரித்து, ஜிப் பைகளில் நாள்வாரியாகப் போடுங்கள். மலையில் பறந்துபோகும் குப்பையில் பெரும்பங்கு, கிழித்தெடுத்த உறையின் அந்தச் சின்ன மூலைத்துண்டுதான்.

6. பாதையில் நடப்பது

சேறு வந்தால் நடுவிலேயே நடங்கள். இதை ஏற்கப் பலருக்கு மனம் வராது. ஓரமாக ஒதுங்கிப் போனால் ஓரத்துச் செடி சாகும், அதுவும் சேறாகும், அடுத்தவர் இன்னும் தள்ளிப் போவார். ஒரு மீட்டர் பாதை ஐந்தாறு தடங்களாகப் பிரிந்து கிடப்பதைப் பல மலைகளில் பார்க்கலாம். நீர் புகாத பூட்ஸும் பூட்ஸ்மேல் மாட்டி முழங்கால் கீழ்வரை வரும் கெய்ட்டர் என்ற உறையும் இதற்காகத்தான்.

வளைந்து வளைந்து ஏறும் பாதையில் குறுக்குவழி வேண்டாம். நேராக இறங்கும் தடம் அடுத்த மழையில் ஓடையாகி, மேல்பாதையையும் சேர்த்து அறுத்துவிடும்.

எதிரே ஆள் வந்தால் பாறைமேலோ, வெறும் மண்மேலோ ஒதுங்கி நில்லுங்கள். இளைப்பாறவும் அப்படியே. பாலைநிலத்தில் கறுப்பாகப் பொருக்குத் தட்டிய மண்ணைப் பார்த்தால் ஒரு காலடிகூட வேண்டாம். அது உயிருள்ள படலம், பாசியும் நுண்ணுயிரும் மண்ணைப் பிணைத்து வைத்திருப்பது. நொறுங்கினால் மீளப் பல ஆண்டுகள் ஆகும், சில இடங்களில் பல பத்தாண்டுகள்.

தடமே இல்லாத இடத்தைக் கடந்தே ஆகவேண்டும் என்றால் விதி தலைகீழ். ஒருவர் பின் ஒருவராகப் போகாமல் பரந்து, ஆளுக்கொரு கோட்டில் நடங்கள். ஒரே கோட்டில் நாலு பேர் போனால் ஐந்தாவது ஆளுக்கு அது பாதையாகத் தெரியும்.

தண்ணீருக்குள் துடுப்புக் காலணி போட்டவர்கள் பவளத்தின்மேல் நிற்காதீர்கள். முகமூடியில் தண்ணீர் புகுந்தால் பதறி எழுந்து நிற்பதுதான் வழக்கம், அதனால் மணல் தரையில் பழகிவிட்டு இறங்குங்கள். நங்கூரம் பவளத்தை இழுத்து உடைக்கும். மிதவையில் கட்டுகிற படகா என்று கேட்டுப் பதியுங்கள்.

7. கழிப்பிடம்

இதைக் கேட்கக் கூச்சப்பட்டுக் கேட்காமலே போகிறவர்கள்தான் அதிகம். எதையும் யோசிக்காமல் பாறை இடுக்கில் போய், மேலே ஒரு கல்லை வைத்து மூடிவிட்டு வந்துவிடுகிறார்கள். கல்லுக்குக் கீழே எதுவும் மக்காது. அடுத்த மழையில் ஓடைக்கு வரும், அந்த ஓடையில்தான் கீழே முகாமிடுபவர் தண்ணீர் பிடிப்பார்.

கிளம்பும் முன் பாதையில் கடைசிக் கழிப்பறை எங்கே என்று குறித்துக்கொண்டு, தேவைப்பட்டாலும் படாவிட்டாலும் அங்கே போய்விட்டு நடையைத் தொடங்குங்கள்.

மண் உள்ள காட்டில் குழி முறை: நீர்நிலை, பாதை, முகாம் மூன்றிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர் தள்ளிப் போங்கள், பெரியவர் நடையில் சுமார் 70 எட்டு. சின்ன மண்கரண்டியால் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம், ஒரு சாண் அகலத்துக்குத் தோண்டுங்கள். இன்னும் ஆழமாகத் தோண்டினால் நல்லது என்று நினைக்க வேண்டாம், மக்கவைக்கும் உயிர்கள் மேல்மண்ணில்தான் அதிகம். முடிந்ததும் தோண்டிய மண்ணாலேயே மூடி, மேலே சருகு பரப்புங்கள். காகிதத்தைக் குழியில் போடாதீர்கள், விலங்குகள் தோண்டி இழுத்துவிடும். ஈரத் துடைப்பான் பலவற்றில் பிளாஸ்டிக் நார் கலந்திருக்கும், நாப்கினும் மக்காது. எல்லாம் பையில் திரும்பி வர வேண்டும்.

மரமே வளராத உயரம், பனி, வெறும் பாறை, குறுகிய பள்ளத்தாக்கு, பாலை ஆகிய இடங்களில் குழி முறை உதவாது. அங்கே மலத்தையும் சுமந்துகொண்டுதான் இறங்க வேண்டும். அமெரிக்காவின் விட்னி மலைப் பகுதியில் இது விதி. எவரெஸ்ட் வட்டாரத்தில் உள்ளூராட்சி 2024இல் ஏறுபவர்களுக்குக் கழிவுப் பைகளைக் கட்டாயமாக்கியது. பையின் உள்ளே இருக்கும் பொடி ஈரத்தை உறிஞ்சிக் கெட்டியாக்கும், வாடையையும் குறைக்கும். தலைக்கு, நாளுக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று என்று எடுங்கள். பயன்படுத்தியதைக் காற்றை வெளியேற்றி மூடி, உள்ளே தெரியாத இன்னொரு தடித்த பையில் போட்டு, முதுகுப்பையின் வெளிப்பக்கம் கட்டுங்கள். உள்ளே சாப்பாட்டோடு வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ‘இறங்கும்போது எடுத்துக்கொள்ளலாம்’ என்று பாதையோரத்தில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், இறங்கும்போது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. கீழே வந்தபின் எந்தத் தொட்டியில் போட வேண்டும் என்று பூங்கா நிலையத்தில் கேளுங்கள், குழிக் கழிப்பறைக்குள் போட்டால் அதை உறிஞ்சி எடுக்கும் குழாய் அடைத்துக்கொள்ளும்.

சிறுநீரைச் செடிமேல் கழிக்காமல் பாறையிலோ வெறும் மண்ணிலோ கழியுங்கள். உப்புக்காக விலங்குகள் அந்த இடத்தைத் தோண்டி வேரோடு பிடுங்கும். அமெரிக்காவின் ஒலிம்பிக் பூங்காவில் மலையாடுகள் மனித வியர்வை, சிறுநீர் உப்புக்குப் பழகி ஆட்களை நெருங்கத் தொடங்கின. 2018க்கும் 2020க்கும் இடையே அவற்றை ஹெலிகாப்டரில் தூக்கி வேறு மலைகளுக்குக் கொண்டுபோக அதுவும் ஒரு காரணம்.

குளிக்க, பாத்திரம் கழுவ ஓடைக்குள் சோப்பு வேண்டாம், ‘மக்கும் சோப்பு’ என்று எழுதியிருந்தாலும் வேண்டாம். அது மக்க மண் வேண்டும். தண்ணீரை மொண்டு அதே 60 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய்க் கழுவி, நீரைப் பரவலாகக் கொட்டுங்கள்.

8. உணவும் விலங்கும்

பழத்தோல், முட்டை ஓடு ‘மக்கிவிடும்’ என்று எறியாதீர்கள். குளிரும் வறட்சியும் உள்ள இடத்தில் அவை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், அதற்குள் நாலு குரங்கோ நரியோ அந்த வளைவில் காத்திருக்கப் பழகிவிடும். பழகிய விலங்கு ஆளைக் கடித்தால் அதைத்தான் சுடுவார்கள். கலாபகோஸில் எந்த விலங்குக்கும் 2 மீட்டர் இடைவெளி, அண்டார்டிகாவில் பென்குயினுக்கு 5 மீட்டர். விலங்கே உங்களை நோக்கி வந்தால் பின்வாங்க வேண்டியது நீங்கள்தான்.

9. படம், டிரோன், லொகேஷன்

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதல் டிரோன் பறக்கவிடத் தடை. மற்ற இடங்களில் தடை இல்லை என்று எழுத்தில் பார்க்கும் வரை பெட்டியிலேயே இருக்கட்டும். படம் போடும்போது பூங்காவின் பெயரைப் போடுங்கள், துல்லியமான இடக்குறியைப் போடாதீர்கள், குறிப்பாகக் கழிப்பறையும் பாதையும் இல்லாத இடமாக இருந்தால். கல் அடுக்கிப் படம் எடுப்பதும் வேண்டாம். கல்லுக்கு அடியில் வாழும் பூச்சிகளுக்கு வீடு போகும், மூடுபனியில் வழிகாட்டும் உண்மையான கற்குவியல் எது என்று பின்னால் வருகிறவருக்குக் குழப்பமும் வரும்.

10. போக முடியாமல் போனால்

பெர்மிட் கிடைத்து, கடைசி நேரத்தில் போக முடியவில்லையா? சும்மா விட்டுவிடாமல் தளத்துக்குள் போய் ரத்து செய்யுங்கள். சில இடங்களில் கெடுவுக்குள் ரத்து செய்தால் தலைக்குக் கட்டிய தொகை திரும்பும், விண்ணப்பக் கட்டணம் திரும்பாது. பணம் வராவிட்டாலும் ரத்து செய்யுங்கள். ஹாஃப் டோம் போன்ற இடங்களில் அந்த இடம் தினக் குலுக்கலுக்குப் போகும், காத்திருக்கும் வேறொருவருக்குக் கிடைக்கும். ரத்து உறுதி மின்னஞ்சல் வரும்வரை பக்கத்தை மூடாதீர்கள். ‘வராதவர்’ என்று பதிவானால் அடுத்த பருவ விண்ணப்பத்தில் சிக்கல் தரும் இடங்களும் உண்டு.